பேசப்படாத ஆக்‌ஷன் த்ரில்லர் என்றால் எனக்கு 'சார்சரர்'தான்

'அதிகம் பேர் பார்க்காத, ஆனால் கட்டாயம் பார்க்க வேண்டிய ஆக்‌ஷன் த்ரில்லர் எது?' என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாப் பட்டியலிலும் அதே பத்துப் படங்களைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் ஒரே ஒரு படம் சொல்கிறேன். 1977-இல் வந்த 'சார்சரர்' (Sorcerer, அதாவது மந்திரவாதி). 'தி எக்ஸார்சிஸ்ட்' என்ற பேய்ப்படத்தை எடுத்த இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கினின் அடுத்த படம்.

வெவ்வேறு நாடுகளில் குற்றம் செய்துவிட்டுத் தப்பி வந்த நான்கு பேர், லத்தீன் அமெரிக்காவில் ஒரு சேற்றுக் கிராமத்தில் ஒளிந்திருக்கிறார்கள். சுமார் 200 மைல் தள்ளி ஓர் எண்ணெய்க் கிணறு பற்றி எரிகிறது. வெடி வைத்துத்தான் அணைக்க முடியும், அதற்கு டைனமைட் வேண்டும். இருக்கும் பெட்டிகளிலோ டைனமைட்டுக்குள் இருக்கும் வெடிதிரவமான நைட்ரோகிளிசரின் கசிந்து நிற்கிறது, பலமாகக் குலுங்கினாலே வெடிக்கும். அதை இரண்டு ஓட்டை லாரிகளில் ஏற்றிக் காட்டுவழியே கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான் கதை.

ஆனால் அந்தப் பாலம் இருக்கிறதே! கொட்டும் மழை, கீழே பொங்கி ஓடும் ஆறு, மேலே கயிறும் பலகையுமாக ஒரு தொங்குபாலம். ஒருவன் லாரிக்கு முன்னால் நின்று கைகாட்ட, மற்றவன் அங்குலம் அங்குலமாக ஓட்டுகிறான். பாலம் ஒரு பக்கமாகச் சாய, லாரியும் சேர்ந்து சாய்கிறது. பலகை முறிந்து சக்கரம் இறங்குகிறது. கிராஃபிக்ஸ் கிடையாது, நிஜ லாரி. முதலில் டொமினிகன் குடியரசில் பாலம் கட்டினார்கள். ஆறு வற்றிவிட்டது. அப்புறம் மெக்ஸிகோவில் மறுபடி கட்டி எடுத்தார்கள்.

என் நண்பர் ஒருவர் 'பத்து நிமிட விளக்க வீடியோவிலேயே பார்த்துவிட்டேன், லாரி பாலத்தைத் தாண்டும், அதுதானே' என்றார். விடாப்பிடியாக உட்கார வைத்துப் போட்டுக்காட்டினேன். முதல் அரை மணி நேரம் போனைத்தான் நோண்டிக்கொண்டிருந்தார். பாலம் வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தவர், இரண்டாவது லாரியும் பாலத்தில் ஏறும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

இந்த விளக்க வீடியோக்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. இரண்டு மணி நேரப் படத்தை முடிவு உட்பட மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு, 'படம் பரவாயில்லை' என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். கேட்பவரும் படம் பார்த்ததாகவே நம்பிவிடுகிறார். கதையை வேண்டுமானால் சொல்லிவிடலாம். அந்த எஞ்சின் உறுமலையும் கயிறு முறுக்கிக்கொள்ளும் சத்தத்தையும் யார் வாயால் சொல்ல முடியும்? சரி, கேள்விக்கு வருகிறேன்.

'இது ரீமேக்தானே' என்று யாராவது சொல்லக்கூடும். ஜார்ஜ் அர்னோவின் பிரெஞ்சு நாவலைப் பிரெஞ்சு இயக்குநர் க்ளூஸோ 1953-இல் படமாக்கியது எனக்கும் தெரியும். அதுவும் அருமையான படம்தான். அதற்காக இதை ஒதுக்குவது நியாயமில்லை. க்ளூஸோ ஆட்களைக் கிராமத்திலேயே அறிமுகப்படுத்துகிறார். ஃப்ரீட்கின் நால்வரும் எதற்காக ஓடிவந்தார்கள் என்பதை ஒவ்வொரு ஊராகப் போய்க் காட்டிவிட்டுத்தான் லாரியில் ஏற்றுகிறார். 'மெதுவாகப் போகிறது' என்பவர்களுக்கும் அதே பதில்தான். அந்த முன்கதை இல்லாவிட்டால் பாலத்தில் யார் விழுந்தால் நமக்கென்ன?

படம் ஓடாததற்குக் காரணங்கள் உண்டு. ஒரு மாதம் முன்புதான் 'ஸ்டார் வார்ஸ்' வந்திருந்தது. தலைப்பைப் பார்த்துப் பேய்ப்படம் என்று வந்தவர்கள் ஏமாந்தார்கள். உண்மையில் அது ஒரு லாரியின் பெயர். இரண்டு கோடி டாலருக்கு மேல் செலவழித்த படம், வசூலில் பாதிகூடத் தேறவில்லை.

தேடும்போது ஒன்று கவனியுங்கள். அமெரிக்காவுக்கு வெளியே அப்போது முன்கதையைக் கலைத்து, சுமார் ஒன்றரை மணி நேரமாக வெட்டிய பிரதி ஒன்றும் ஓடியது. அது வேண்டாம். 2013-இல் வெனிஸ் விழாவில் திரையிட்ட, புதுப்பித்த பிரதியைப் பாருங்கள். நீளம் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அதுதான் முழுப்படம்.