டேட்டனில் ரைட் சகோதரர்களை விட்டால் வேறு யார்?

ஒஹாயோவில் டேட்டனுக்குக் குடிபோகிறோம், ரைட் சகோதரர்களைத் தவிர அங்கே சொல்லிக்கொள்ளும்படி யாராவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கணவரின் வேலைக்காகத்தான் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படிப் போய் இறங்கியவள்தான். கையில் முதுகலைப் பட்டம், பாஸ்போர்ட்டில் வேலை பார்க்க அனுமதியில்லாத விசா.

ஓர் அக்டோபரில் உட்லண்ட் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ரைட் சகோதரர்களின் கல்லறை எங்கே என்று, சருகு வாரிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். வழி சொல்லிவிட்டு, "அப்படியே பாலையும் பார்த்துவிட்டுப் போங்கள்" என்றார். எந்தப் பால் என்று விழித்தேன். பசும்பாலா என்று கேட்காததுதான் பாக்கி.

பால் லாரன்ஸ் டன்பார், 1872இல் டேட்டனில் பிறந்த கறுப்பினக் கவிஞர். பெற்றோர் இருவரும் அடிமைகளாக இருந்தவர்கள். பள்ளியில் ஆர்வில் ரைட்டின் வகுப்புத் தோழர். 1890இல் டன்பார் நடத்திய 'டேட்டன் டாட்லர்' பத்திரிகையை அச்சடித்துக் கொடுத்தவர்களே ரைட் சகோதரர்கள்தான். மூன்று இதழோடு நின்றுபோனது. வகுப்பின் ஒரே கறுப்பின மாணவர், பள்ளிப் பத்திரிகைக்கு ஆசிரியர். அப்படிப்பட்டவருக்குப் படிப்பு முடிந்ததும் கிடைத்தது, வாரம் 4 டாலருக்கு லிஃப்ட் இயக்கும் வேலை. முதல் கவிதைத் தொகுப்பை லிஃப்டில் ஏறுகிறவர்களிடமே பிரதி ஒரு டாலருக்கு விற்றார். கதவு மூடியபின், அவர்கள் இறங்கும் மாடி வருவதற்குள், பேச்சை எப்படி எடுத்திருப்பார்? பாத்திரம் துலக்கும்போதெல்லாம் இதைத்தான் யோசிப்பேன்.

உன் நிலைமையும் அவர் நிலைமையும் ஒன்றா என்று யாரும் பாய வேண்டாம். ஒன்றில்லை, தெரியும். ரைட் சகோதரர்களையும் நான் மட்டம் தட்டவில்லை. ஆனால் அவர்களின் தங்கை கேத்தரினையும் கொஞ்சம் படியுங்கள். லத்தீன் ஆசிரியை. 1926இல், 52 வயதில் அவர் திருமணம் செய்துகொண்டதற்காக ஆர்வில் பேச்சையே நிறுத்திவிட்டார்; 1929இல் தங்கை சாகக் கிடந்தபோதுதான் போய்ப் பார்த்தார். விமானம் கண்டுபிடித்தவர் வீட்டிலும் அதே அண்ணன்தான்.

வீட்டு வேலையைக் கிண்டல் செய்தே பத்திரிகைப் பத்தி எழுதிப் புகழ்பெற்ற எர்மா பாம்பெக்கும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார். கல்லறைக்கு அரிசோனாவிலிருந்து கொண்டுவந்து வைத்த பெரும் பாறை. டன்பார் அம்மாவுக்காக வாங்கிய வீடு இப்போது நினைவிடம். 1906இல், 33 வயதில், காசநோயால் அவர் இறந்ததும் அங்கேதான்.

வீடு என்றதும் ஞாபகம் வருகிறது. நாங்கள் காலி செய்தபோது, சமையலறை மேடையில் மஞ்சள் கறை என்று முன்பணத்தில் 200 டாலர் பிடித்துக்கொண்டார்கள். உள்ளங்கை அகலம்கூட இல்லாத கறை! நான்கு வருடம் ஒருநாள் தவறாமல் வாடகை கட்டியவர்கள் நாங்கள். கேட்டால், புகைப்படம் இருக்கிறதாம். நீங்களாவது போன அன்றே எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பொடி டப்பாவைப் பிறகு திறக்கலாம்.