நிலாவெளியில் ஏழு அறை விடுதி: முற்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். நிலாவெளியில் களப்பைப் பார்த்தபடி ஏழு அறைகள் கொண்ட விடுதி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. காலை உணவுடன் ஓர் அறைக்கு 12,000 ரூபாய் வாங்குகிறார்கள். ஓகஸ்ட்டில் போய்ப் பார்த்தபோது எல்லா அறைகளிலும் ஆட்கள் இருந்தார்கள். விலை 5 கோடி ரூபாய். கனடாக் குடியுரிமை பெற்ற என் தம்பி பாதிப் பணம் தருகிறான். உறுதியில் தன் பெயரும் வேண்டும் என்கிறான். வேறொருவர் காத்திருக்கிறார் என்று சொல்லி, இரண்டு வாரத்துக்குள் 25 இலட்சம் முற்பணம் கேட்கிறார் உரிமையாளர். கொடுக்கலாமா?
– ஆசிரியை, உவர்மலை

பதில்: கொடுக்க வேண்டாம். காத்திருக்கும் அந்த வேறொருவரே வாங்கிக்கொண்டு போனாலும் பரவாயில்லை.

முதலில் அந்த 25 இலட்சம். முத்திரை ஒட்டிய தாளில் இருவரும் கையெழுத்து வைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். நம் நாட்டில் காணி விற்பனை உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். 1840ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் சட்டம் இது. வெறும் தாளை வைத்துக்கொண்டு காணியை எழுதித் தரும்படி நீதிமன்றத்தில் கேட்க முடியாது. முற்பணம் கொடுப்பதாக இருந்தால், உறுதிகளைத் தேடிப் பார்த்த பிறகு, உங்கள் நொத்தாரிசு எழுதும் உடன்படிக்கையின் கீழ் மட்டும் கொடுங்கள். விற்பவருடைய நொத்தாரிசையே நீங்களும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

உறுதி விஷயத்தில் நம் திருகோணமலை மாவட்டத்துக்கென்று தனிக் கவனம் தேவை. 1983க்குப் பிறகு எத்தனை குடும்பங்கள் இங்கிருந்து எழும்பிப் போயின என்பது உங்களுக்குத் தெரியும். உறுதி தொலைந்தது, வாரிசுகள் நான்கு நாடுகளில், ஒருவர் மட்டும் ஊரில் நின்று வேலி போட்டார் என்ற கதை நிலாவெளியில் புதிதல்ல. ஆகவே காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 ஆண்டுகளுக்குத் தேடுதல் செய்விக்க வேண்டும். வெளிநாட்டு வாரிசுகளுக்காக ஒருவர் அற்றோர்னித் தத்துவத்தின் (தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம்) பேரில் கையெழுத்திடுகிறார் என்றால், அதைக் கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்று கேளுங்கள். அவர் காலமானால் அந்தத் தத்துவமும் முடிந்துவிடும்.

உறுதிக் காணியா, அரசாங்க அனுமதிப்பத்திரக் காணியா என்பதையும் பாருங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியாக இருந்தால், பிரதேச செயலாளரின் முன் அனுமதி இல்லாத கைமாற்றம் செல்லாது. குச்சவெளிப் பிரதேச செயலகத்துக்கு நீங்களே நேரில் போங்கள். வனம், வனசீவராசிகள், தொல்பொருள் திணைக்களங்களின் எல்லைக்கல் எதுவும் அந்தக் காணிக்குள் விழுகிறதா என்றும் அங்கேயே விசாரியுங்கள். நில அளவையாளர் ஒருவரைக் கூட்டிப்போய்ப் படத்தையும் வேலியையும் ஒப்பிடுவதற்குப் பிடிக்கும் செலவு, பிறகு எழும் எல்லைத் தகராற்றோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

களப்பைப் பார்த்தபடி என்று எழுதியிருக்கிறீர்கள். விலையை ஏற்றுவது அந்தக் காட்சிதான், ஆபத்தும் அதிலேதான். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, கடலின் உயர்நீர் மட்டத்திலிருந்து உள்நோக்கி 300 மீற்றர் கரையோர வலயம். கடலோடு தொடுக்கும் களப்புகளும் அந்தச் சட்டத்துக்குள் வரும். வலயத்துக்குள் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஏழு அறைக்கும் அனுமதி இருக்கிறதா, அல்லது நான்குக்கு எடுத்துவிட்டு மூன்றைப் பிறகு சேர்த்துக் கட்டினார்களா? பிரதேச சபை அங்கீகரித்த கட்டட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறைகளை எண்ணிப் பாருங்கள்.

சென்ற ஆண்டு உறவினர் ஒருவருக்காக உப்புவெளியில் ஒரு வீடு பார்க்கப் போனேன். முன் தூண்களெல்லாம் புது வெள்ளை. பின்பக்கம் தண்ணீர்த் தாங்கியைச் சுமந்த தூணைத் திறப்பால் தட்டினேன். பொள்ளென்று சத்தம் வந்தது. இன்னொரு தட்டுக்கு உள்ளங்கை அளவு பூச்சு உதிர்ந்தது. உள்ளே கம்பி ஏடு ஏடாக உரிந்து, விரலால் தொட்டதும் செந்தூளாகக் கொட்டியது. உப்புக் காற்று செய்கிற வேலை இது. வளிச்சீராக்கிகளின் வெளிப்பெட்டிகளையும் அப்படித்தான் தின்னும். ஒரு மேசனைக் கூட்டிப்போய் எல்லாத் தூண்களையும் தட்டிப் பாருங்கள். கிணற்று நீரைக் குடித்துப் பாருங்கள். உப்பளம் இருக்கிற ஊர் அது. 2004 டிசம்பர் 26 அன்று தண்ணீர் எதுவரை வந்தது என்று அயலவரிடம் கேளுங்கள்.

இனி வருமானம். ஓகஸ்ட் பாடசாலை விடுமுறை. கடல் அமைதியாக இருக்கும். புறாத்தீவுக்குப் படகுகள் போகும். அந்த மாதத்தில் அறைகள் நிறைந்திருப்பது விடுதியின் கெட்டித்தனத்தைக் காட்டாது. மேயிலிருந்து செப்டெம்பர் வரை 150 இரவுகள், சராசரி நான்கு அறைகள் என்று வைத்தால் 72 இலட்சம். மீதி ஏழு மாதங்களில் இரண்டு நாளுக்கு ஓர் அறை, 8,000 ரூபாய்க்குப் போனால் இன்னும் எட்டு இலட்சத்துச் சொச்சம். இந்த 80 இலட்சத்தில்தான் சம்பளம், மின்சாரம், காலை உணவு, சலவை, பூச்சு, இணையப் பதிவுத் தளங்களின் தரகு எல்லாம் போக வேண்டும். 5 கோடியை 8 வீத வட்டிக்கு வைப்பிலிட்டால் ஆண்டுக்கு 40 இலட்சம் வரும். இன்றைய வீதத்தை உங்கள் வங்கியில் கேட்டு, இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். உரிமையாளரின் கணக்குப் புத்தகத்தை விட 24 மாத மின்பட்டியலை நம்புங்கள். ஆள் தங்காத மாதம் அதில் அப்படியே தெரியும்.

தம்பியின் பெயர்: 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை உடையவர் இப்படியொரு காணியை வாங்க முடியாது, இரட்டைக் குடியுரிமை இருந்தால் முடியும். அது இல்லையென்றால் முதலில் அதற்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். "உன் பெயரில் எழுது அக்கா, பிறகு பார்க்கலாம்" என்பதற்கு இணங்க வேண்டாம். உங்களுக்குப் பிறகு உங்கள் பிள்ளைகளும் அவருடைய பிள்ளைகளும் அந்த வாய்ப்பேச்சை வைத்து வழக்காட நேரும். காசு வங்கி வழியாக வரட்டும். கடனா நன்கொடையா என்பது எழுத்தில் இருக்கட்டும்.

கைமாற்றத்துக்கான முத்திரை வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 5 கோடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம்.

என் விருப்பத்தைக் கேட்டால், இந்த ஆண்டு வாங்காதீர்கள். ஒரு வருடக் குத்தகைக்குக் கேளுங்கள், மாரியையும் சேர்த்து. அறுபதைத் தாண்டிய வயதில் விடியற்காலை ஐந்து மணிக்கு எழும்பிப் பதினான்கு பேருக்கு இடியப்பமும் சொதியும் வைப்பது உங்கள் இருவருக்கும் சரிவருமா என்பதும் அதில் தெரிந்துவிடும். உரிமையாளர் குத்தகைக்குச் சம்மதிக்காவிட்டால், டிசம்பரில் வாடை அடிக்கும்போது அங்கேயே மூன்று இரவுகள் காசு கொடுத்துத் தங்குங்கள். களப்பு எவ்வளவு ஏறுகிறது, எந்தக் கூரை ஒழுகுகிறது, எத்தனை அறைகளில் விளக்கு எரிகிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.