ஷாலேம் கல்லூரி: கேள்வி பதில்

யூத நூல்களையும் மேற்கத்தியச் சிந்தனையையும் ஒரே பாடத்திட்டத்தில் சேர்த்து எருசலேமில் நடக்கும் 'லிபரல் ஆர்ட்ஸ்' கல்லூரியான ஷாலேமைப் பற்றிக் கேட்கப்பட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

மதுரை வாசகர்: 'லிபரல் ஆர்ட்ஸ்' என்பதை ஓரிடத்தில் 'தாராளவாதக் கலைகள்' என்று படித்தேன். ஏதாவது கட்சியின் கல்லூரியா ஐயா?

அந்த மொழிபெயர்ப்பை மறந்துவிடுங்கள். லத்தீன் மூலத்தில் அதன் பொருள், அடிமையல்லாத மனிதன் கற்கத் தக்க கலைகள் என்பது. இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் ஆகிய ஏழும் அதில் அடங்கும். அதுபோலப் பல துறைகளையும் சேர்த்துக் கற்பிப்பதே லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி. நம் ஊர்க் கலைக் கல்லூரி வேறு. நம் ஊரில் சேரும் நாளிலேயே ஒரு துறைக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறோம்.

கல்லூரி ஆசிரியை ஒருவர்: இஸ்ரேலில் பல்கலைக்கழகங்களுக்கா பஞ்சம்?

பஞ்சமில்லை. 1925இல் திறக்கப்பட்ட எபிரேயப் பல்கலைக்கழகம் உலகறிந்தது. ஆனால் அது ஜெர்மானிய மாதிரியில், ஆராய்ச்சியை மையமாக வைத்து எழுந்தது. இன்றும் அந்நாட்டு இளைஞர்களில் பெரும்பாலோர் ராணுவச் சேவையை முடித்து, இருபத்தோரு வயதுக்கு மேல்தான் படிக்க வருகிறார்கள். ஒரு துறை, மூன்று ஆண்டு, பிறகு வேலை. அவர்களிடம் போய், 'நான்கு ஆண்டு இருந்து பிளேட்டோவும், யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதும் படி' என்றால் யார் வருவார்கள்? அதனால்தான் தொடக்கத்தில் மாணவர்களுக்குக் கட்டணத்தோடு வாழ்க்கைச் செலவுக்கும் உதவித்தொகை தரவேண்டியிருந்தது. சிறிய வகுப்பு, நிறைய ஆசிரியர்கள், கட்டணம் வாங்க முடியாத மாணவர்கள்: கணக்குப் பார்ப்பவர் யாரும் இதைத் தொடங்கியிருக்க மாட்டார்.

அவரே: அப்படியானால் எப்படித்தான் தொடங்கினார்கள்?

நிதானமாக. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்த யோரம் ஹசோனியும் டேனியல் போலிசரும் இன்னும் சிலரும் 1994இல் ஷாலேம் மையம் என்ற ஆய்வு நிறுவனத்தை நிறுவினார்கள். கல்லூரி திறந்தது 2013 அக்டோபரில். இடையில் 19 ஆண்டுகள்.

அந்த ஆண்டுகளில் நடந்த வேலைகளில் என்னைக் கவர்ந்தது மொழிபெயர்ப்பு. எபிரேயத்தில் பாடம் நடத்த வேண்டுமானால் எபிரேயத்தில் புத்தகம் வேண்டுமே! ஆங்கிலேயத் தத்துவஞானி ஹாப்ஸ் அரசைப் பற்றி எழுதிய 'லெவியத்தான்' ஆங்கிலத்தில் 1651இல் வந்தது. ஷாலேம் பதிப்பகம் எபிரேயத்தில் அதன் முழு வடிவத்தைக் கொண்டுவந்தது 2009இல். வேடிக்கை என்னவென்றால், அந்த நூலின் பின்பாதி முழுக்க விவிலியத்தோடு நடத்தும் வாதம். தலைப்பே யோபு நூலில் வரும் கடல் விலங்கு!

அடுத்த தடை, அனுமதி. அங்கே உயர்கல்விக் கவுன்சில் ஒப்புதல் தராமல் யாரும் பட்டம் வழங்க முடியாது. 2013 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்தது. மத்தியக் கிழக்கு வரலாற்றாசிரியர் மார்ட்டின் கிரேமர் முதல் தலைவரானார். 2021இல் பொருளாதார அறிஞர் ரஸ் ராபர்ட்ஸ் அப்பொறுப்புக்கு வந்தார்.

திருச்சி மாணவர்: யூத மரபும் கிரேக்கத் தத்துவமும் எண்ணெயும் தண்ணீரும் அல்லவா?

'ஏதென்ஸுக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம்?' என்று பழங்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் அன்றே கேட்டார், தம்பி. ஏதென்ஸ் என்றால் கிரேக்கத் தத்துவம், எருசலேம் என்றால் வேதம். ஆனால் இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸைப் பாருங்கள். யூதச் சட்டத்தைத் தொகுத்த அதே மனிதர், அரிஸ்டாட்டிலோடு மல்லுக்கட்டி 'குழம்பியோருக்கு வழிகாட்டி' எழுதினார், அதுவும் எபிரேய எழுத்தில் அரபு மொழியில். அது எபிரேயத்துக்குப் போய், லத்தீனுக்கும் போய், கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் அவரை 'ரபி மோசே' என்று பெயர் சொல்லி மேற்கோள் காட்டும் அளவுக்குப் பரவியது. எண்ணெயும் தண்ணீரும் இவ்வளவு தூரம் சேர்ந்து பயணம் செய்யுமா?

பெயர் வேண்டாம் என்றவர்: வலதுசாரிப் பணத்தில் நடப்பது என்கிறார்களே?

ஷாலேம் மையத்துக்கு ரொனால்டு லாடர், ஷெல்டன் ஆடெல்சன் போன்ற அமெரிக்கச் செல்வந்தர்கள் கொடுத்தது ஊரறிந்த செய்தி. மையத்தின் அரசியல் சாய்வையும் மறைக்க முடியாது. அதைக் கேட்பது நியாயம்தான். ஆனால் ஹாப்ஸையும் தத்துவஞானி ஸ்பினோசாவையும் ஒழுங்காகப் படித்தவன் எந்தக் கட்சிக்கும் அடக்கமான பிள்ளையாக இருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

திருச்சி மாணவர்: நான் சேர முடியுமா?

பயிற்றுமொழி எபிரேயம். முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில் வாசகி: ஷாலேம் என்றால் என்ன?

எபிரேயத்தில் 'முழுமையான' என்று பொருள், அம்மா. உங்கள் வீட்டுத் தமிழ் வேதாகமத்தில் ஆதியாகமம் 14ஆம் அதிகாரத்தைத் திறந்தால், ஆபிராமுக்கு அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்த மெல்கிசேதேக்கு வருவார். அவர் ஆண்ட சாலேம் இதுதான். எருசலேமின் பழைய பெயர் என்று மரபு சொல்கிறது.