யாத்திரிகர் உருவில் ஒரு மண் மணி

கேள்வி: ஜப்பானில் பணிபுரியும் என் மகன், வெள்ளை உடையும் கூம்புத் தொப்பியும் அணிந்த யாத்திரிகர் உருவில் சிறு மண் மணி ஒன்றை வாங்கி வந்தான். ஷிகோகு தீவில் கோயில் யாத்திரை செல்வோர் கையில் ஏந்தும் மணி இதுதானா? அதன் வெண்ணிறம் மாவுபோலக் கையில் ஒட்டுகிறது. ஈரத் துணியால் துடைக்கலாமா?
- வாசகி ஒருவர், பாம்பன்

பதில்: துடைக்கவே கூடாது, வண்ணம் துணியோடு வந்துவிடும். 'தோரெய்' எனப்படும் இம்மண் மணிகளைக் குறைந்த சூட்டில் சுட்டு, 'கோஃபுன்' என்னும் சிப்பித் தூளை வஜ்ஜிரப் பசையில் குழைத்துப் பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டுவது பழைய வழக்கம். சிப்பியைக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்குவதை உங்கள் கரையில் அறிவார்கள். கோஃபுனுக்கோ, வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்து பதப்பட்ட சிப்பியைச் சுடாமலே அரைக்கிறார்கள். ஆகவே அது சுண்ணாம்புபோலத் தானாக இறுகாது, பிடிப்பு முழுவதும் வஜ்ஜிரத்தைச் சார்ந்தது. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் அப்பசை உப்புக்காற்றின் ஈரத்தில் இளகுவதால்தான் உங்கள் மணி மாவாக உதிர்கிறது.

யாத்திரிகர் ஏந்துவது இதுவன்று, உலோக மணி. கூக்காய் என்னும் துறவியின் (774–835) பெயரால் 88 கோயில்களைச் சுற்றிவரும் அவ்வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளமானது. மண் மணி அவ்வளவு தூரம் தாங்குமா? கூக்காய் ஒருமுறை பாலத்தடியில் உறங்கினார் என்ற ஐதிகத்தால், பாலத்தைக் கடக்கும்போது யாத்திரிகர் கைத்தடியைத் தரையில் ஊன்றுவதில்லை என்பது பாம்பன்காரர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும்.

உங்கள் மணிக்குள் நாக்கு இராது. சிலம்பில் பரல் கிடப்பதுபோல ஒரு மண் உருண்டை கிடக்கும். அச்சில் அழுத்திய இரு பாதிகளை ஒட்டும் முன், உருண்டையைத் தாளில் பொதிந்து உள்ளே வைப்பதுண்டு. தாள் சூளையில் எரிந்துவிட, உருண்டை ஒட்டாமல் தனித்து நிற்கும். கீழே உள்ள பிளவு வழியாக வரும் ஒலி மந்தமாகத்தான் இருக்கும். அதைக் குறையென்று எண்ண வேண்டாம்.

உலர்ந்த மென்தூரிகையால் தூசியை மட்டும் தட்டிவிட்டு, கண்ணாடிக் கதவுள்ள அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். வார்னிஷ் பூச வேண்டாம். வெண்மை மங்கி மஞ்சளாகும். நிலைப்படியில் தொங்கவிடும் எண்ணமிருந்தால், பாம்பன் காற்றுக்கு அது ஒரு வாரம் தாங்குவதே அரிது.