மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் வரும் வலிகள்: எதைப் பொறுக்கலாம், எதற்கு ஓட வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 53. இரண்டு வருடங்களுக்கு முன் இடது மார்பில் கட்டியை எடுத்தார்கள், அக்குள் நெறிகளையும் எடுத்தார்கள். கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து ஒன்றரை வருடமாக லெட்ரோசோல் மாத்திரை சாப்பிடுகிறேன். மாத்திரை ஆரம்பித்த சில மாதங்களிலிருந்தே காலையில் விரல்களை மடக்க முடியவில்லை, முட்டியும் பிடித்துக்கொள்கிறது. தழும்பு இருக்கும் பக்கம் அவ்வப்போது ஊசி குத்தியதுபோல் சுருக்கென்கிறது. இப்போது பத்து நாளாக இடுப்பும் வலிக்கிறது. எந்த வலி வந்தாலும் 'திரும்ப வந்துவிட்டதோ' என்று தூக்கம் போய்விடுகிறது. முழு உடம்புக்கும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்கிறாள் மகள். எடுக்கலாமா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று வலிகள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பார்ப்பதால்தான் பயம் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. தனித்தனியாகப் பிரித்தால் இரண்டுக்குப் பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். மூன்றாவதை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் விரல், முட்டி. இது லெட்ரோசோலின் வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மாதவிலக்கு நின்ற பிறகும் கொழுப்பு, தசை போன்ற இடங்களில் உடம்பு கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். அந்த உற்பத்தியை லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் ஆகிய மூன்றும் அடைத்துவிடுகின்றன. புற்றுநோய்க்குத் தீனி கிடைக்காமல் போவது அதனால்தான். ஆனால் மூட்டுகளுக்கும் தசைநாண்களுக்கும் அதே ஈஸ்ட்ரோஜன்தான் ஆதரவு. அது வறண்டதும் அவை இறுகுகின்றன. இந்த மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓரளவாவது மூட்டு வலி வருகிறது. இந்த வலிக்கென்று ஒரு ஜாடை உண்டு. பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். தூங்கி எழுந்தவுடனும், பஸ்ஸில் நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் அதிகம் தெரியும். கொஞ்சம் நடமாடினால் இளகும். மடக்கிய விரல் 'டக்'கென்று மாட்டிக்கொள்வதும், இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மதமதப்பதும் இதே மாத்திரையால் வரக்கூடியவைதான்.

வலிக்கிறது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. நோய் திரும்பாமல் இருக்க வருடக்கணக்கில் காவல் இருப்பது அதுதான். செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. முதல் இடம் உடற்பயிற்சிக்கு. வலிக்கும் மூட்டை அசைக்கச் சொல்வது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்காவில் இதே மாத்திரைகளைச் சாப்பிட்ட 121 பெண்களிடம் நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 150 நிமிட வேக நடையும் இரண்டு நாள் எடைப் பயிற்சியும் ஒரு வருடம் செய்தவர்களுக்கு, மிக மோசமான வலியின் அளவு சுமார் 29 சதவீதம் குறைந்தது. தினமும் 10 நிமிட நடையில் தொடங்கி, வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டிக்கொண்டே 30 நிமிடம்வரை போங்கள். எடைப் பயிற்சிக்கு ஆரம்பத்தில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். அக்குள் நெறி எடுத்த கை என்பதால் எடையை மெல்ல மெல்லத்தான் கூட்ட வேண்டும். இடுப்பு வலிக்கு ஒரு முடிவு தெரியும்வரை நடை மட்டும் போதும், எடை தூக்க வேண்டாம். நடக்கும்போதே இடுப்பு வலி ஏறினால் நடையையும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் விரல்களை 10 நிமிடம் முக்கி மடக்கி நீட்டலாம். அப்படியும் அடங்காத நாட்களில், கல்லீரல் கோளாறு இல்லாதவர்கள் பாரசிட்டமால் 650 மில்லிகிராம் மாத்திரையை 6 முதல் 8 மணி நேர இடைவெளியில், நாளுக்கு மூன்றுக்கு மேல் போகாமல் எடுத்துக்கொள்ளலாம். டைக்ளோஃபெனாக் போன்றவற்றை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மூட்டு வலிக்கு உடனடி நிவாரணம் என்று பெயரில்லாமல் விற்கும் பொடிகளைத் தொடவே வேண்டாம். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. உங்களுக்கு ஏற்கெனவே எலும்பு மெலியும் மாத்திரை ஓடுகிறது, ஸ்டீராய்டும் சேர்ந்தால் இரட்டை அடி.

இரண்டு மூன்று மாதம் இப்படிச் செய்தும் தாங்க முடியவில்லை என்றால் உங்கள் டாக்டரிடம் மாற்று கேளுங்கள். சில வாரங்கள் மாத்திரைக்கு இடைவெளி விட்டு, அதே வகையில் வேறொன்றுக்கு மாற்றுவது வழக்கமான உத்தி. ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்வது நடக்கிறது. துலாக்செடின் என்ற மாத்திரையும் இந்த வலிக்குப் பலன் தருவது பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. சிலருக்கு ஈஸ்ட்ரோஜன் புற்றுநோய் செல்லில் வேலை செய்யாமல் தடுக்கும் டமாக்சிஃபென் என்ற வேறு வகை மாத்திரைக்கு மாற்றுவார்கள். அப்போது துலாக்செடின், ஃப்ளூவாக்செடின், பராக்செடின் போன்றவை அதன் வேலையைக் குறைக்கக்கூடும் என்பதால், சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். டமாக்சிஃபெனால் ரத்தக்கட்டி வர வாய்ப்பு உண்டு. ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தால் அதைத் தசைப்பிடிப்பு என்று விட்டுவிடாமல் அன்றே காட்டுங்கள்.

இந்த இடத்தில் மூன்று ரத்தப் பரிசோதனைகள் பயன்படும்: வைட்டமின் டி, பி12, தைராய்டுக்கான டி.எஸ்.எச். வைட்டமின் டி குறைவு நம்மூரில் சர்வசாதாரணம், அதுவே கை கால் உளைச்சலைத் தரும். கழுத்தடிக்கும் சேர்த்து ரேடியேஷன் கொடுத்திருந்தால் பிற்பாடு தைராய்டு மந்தமாகலாம். சிக்குன்குனியா வந்துபோயிருந்தாலும் மூட்டு வலி மாதக்கணக்கில் நிற்கும். மூட்டு கண்ணுக்குத் தெரியும்படி வீங்கி, தொட்டால் சூடாக இருந்து, காலை இறுக்கம் ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் முடக்குவாதமா என்றும் பார்க்க வேண்டும். கீமோவில் பாக்லிடாக்சல் இருந்திருந்தால் பாதத்திலும் விரல் நுனியிலும் எரிச்சலோ மரத்துப்போன உணர்வோ தங்கியிருக்கலாம். அது நரம்பு சம்பந்தப்பட்டது, மூட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, தழும்புப் பக்கத்துச் சுருக். அக்குள் நெறிகளை எடுக்கும்போது, மேல்கையின் உட்புறத்துக்கும் அக்குளுக்கும் உணர்ச்சி கொடுக்கும் ஒரு மெல்லிய நரம்பு அறுபடவோ இழுபடவோ செய்யும். அதன் விளைவாக மாதங்கள், வருடங்கள் கழித்தும் மின்சாரம் பாய்ந்ததுபோல் குத்தல், எரிச்சல், பிளவுஸ் உரசினாலே கூச்சம் எல்லாம் வரும். வந்த வேகத்தில் போகும், அநேகமாக ஒரே பகுதியில் வரும். ரேடியேஷன் பட்ட தசையும் காலப்போக்கில் இறுகும், விலா எலும்பைத் தொட்டால் நோகும். கையைத் தலைக்கு மேல் தூக்கும் பயிற்சியை விட்டுவிட்டவர்களுக்குத் தோள் பூட்டிக்கொண்டு வலி கூடும். பிசியோதெரபி நன்றாகக் கைகொடுக்கும் இடம் இதுதான். எரிச்சல் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் கபாபென்டின், பிரீகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மருந்துகளைக் குறைந்த அளவில் ஆரம்பிப்பார்கள். தழும்பிலோ தோலிலோ புதிதாகக் கட்டி, தடிப்பு, ஆறாத புண் தென்பட்டாலும், அக்குளிலோ கழுத்தெலும்புக்கு மேலேயோ நெறி கட்டினாலும் செக்கப் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள்.

மார்பு வலியில் புற்றுநோய் பயம் மறைத்துவிடும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று இதயம். இடது பக்கம் அறுவை செய்துகொண்டவர் இடது மார்பு வலியையும் கை வலியையும் 'ஆபரேஷன் வலி' என்றே எடுத்துக்கொள்வார், வீட்டில் உள்ளவர்கள் 'வாயு' என்பார்கள். நெஞ்சில் பாரம் அழுத்தி, வியர்த்து, மூச்சு வாங்கினால் 108-ஐ அழையுங்கள். இன்னொன்று அக்கி. மார்பின் ஒரு பக்கம் மட்டும் இரண்டு மூன்று நாள் எரிந்துவிட்டு, அதே பட்டையில் கொப்புளங்கள் வரும். கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை ஆரம்பித்தால்தான் முழுப் பலன். அக்கி எழுதப் போனால் அந்த மூன்று நாளும் அங்கேயே கழிந்துவிடும்.

கையைப் பற்றியும் ஒரு வரி. மோதிரமும் வளையலும் திடீரென்று இறுகினால் நிணநீர் வீக்கத்தின் (நெறி எடுத்த பக்கம் நீர் வடியாமல் கை வீங்குவது) தொடக்கமாக இருக்கலாம். கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் தொற்று, அன்றைக்கே ஆன்டிபயாடிக் வேண்டும்.

இனி இடுப்பு வலி. மார்பகப் புற்றுநோய் பரவினால் அதிகம் போய்ச் சேரும் இடம் எலும்பு, அதிலும் முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, தொடையெலும்பின் மேல்பகுதி. ஆகவே உங்கள் கவலை வீண் என்று சொல்ல மாட்டோம். அதே சமயம் 53 வயதில் பத்து நாள் இடுப்பு வலிக்குச் சாதாரணக் காரணங்கள்தான் அதிகம்: குடம் தூக்கியது, குனிந்து பெருக்கியது, பயணம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது வலியின் கடுமையைவிட அதன் போக்குதான். தசைப்பிடிப்பு முதல் சில நாட்கள் உயிரை எடுத்துவிட்டு, பிறகு நாளுக்கு நாள் தளரும். படுத்தால் சுகமாக இருக்கும், வலிக்கும் இடமும் மாறிக்கொண்டிருக்கும். எலும்பில் நோய் இருந்தால் வலி லேசாகத் தொடங்கி, ஒரே இடத்தில் நின்று, வாரத்துக்கு வாரம் ஏறும். படுத்தாலும் விடாது, இரவில் எழுப்பும், முதலில் கேட்ட மாத்திரை பிறகு கேட்காது.

புற்றுநோய் மருத்துவர்கள் பரவலாகச் சொல்லும் கணக்கு இரண்டு வாரம். காரணம் தெரியாத ஒரு புதிய வலி இரண்டு வாரத்துக்கு மேல் நின்றாலோ, அதற்குள்ளேயே ஏறிக்கொண்டு போனாலோ காட்ட வேண்டும். உங்களுக்குப் பத்து நாள் ஆகிவிட்டது. குறைந்துகொண்டு வருகிறதென்றால் இன்னும் நான்கு நாள் பாருங்கள். அப்படியே நிற்கிறது அல்லது கூடுகிறது என்றால் நாளைக்கே போகலாம். வறட்டு இருமலும் மூச்சிரைப்பும், காலைத் தலைவலியோடு வாந்தி, வலது விலாவுக்குக் கீழே கனம், மஞ்சள் காமாலை, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது.

ஒன்றுக்கு மட்டும் நாள் கணக்கே கிடையாது. முதுகு வலியோடு கால் துவண்டு போவது, தொடையிடுக்கிலும் ஆசனவாய்ப் பகுதியிலும் மரத்துப் போவது, சிறுநீர் போக முடியாமலோ அடக்க முடியாமலோ ஆவது, மார்பையோ வயிற்றையோ சுற்றிப் பட்டை கட்டி இறுக்கியதுபோல் வலிப்பது, இவற்றில் எது வந்தாலும் தண்டுவடம் நசுங்குகிறதா என்று உடனே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். நடக்க முடிகிற நிலையிலேயே சிகிச்சை தொடங்கினால்தான் நடை பெரும்பாலும் காப்பாற்றப்படும். ராத்திரி ஆனாலும் கிளம்பிவிடுங்கள்.

வலிக்குக் காரணம் தெரியும்வரை முதுகில் சுளுக்கு எடுப்பது, ஏறி மிதிப்பது, வர்மம் தட்டுவது எதுவும் வேண்டாம். நோய் இல்லாவிட்டாலும் லெட்ரோசோல் எலும்பை மெலியவைக்கிறது, முதுகெலும்பு நசுங்கிவிடலாம். அதனால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தீர்களா என்று பாருங்கள். மாத்திரை தொடங்கும்போது ஒன்று, பிறகு சுமார் இரண்டு வருடத்துக்கு ஒன்று எடுப்பது முறை. உணவும் மாத்திரையும் சேர்ந்து நாளுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம், 800 முதல் 1,000 யூனிட் வைட்டமின் டி வேண்டும். எலும்புக்கு சோலெட்ரோனிக் அமிலம் ஊசி போடுவதாக இருந்தால் பல்லைப் பிடுங்கும் வேலைகளை முன்பே முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. இந்த ஊசி போட்ட ஓரிரு நாள் உடம்பு முழுக்க அடித்துப் போட்டதுபோல் வலிக்கும், அது பயப்பட வேண்டிய வலி இல்லை.

மகள் சொல்லும் முழு உடம்பு ஸ்கேன் பற்றி. வேண்டாம் என்பதுதான் எங்கள் பதில். இத்தாலியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் தனித்தனியே நடந்த இரண்டு பெரிய பரிசோதனைகளின் முடிவு 1994-ல் வந்தது. அடிக்கடி எலும்பு ஸ்கேன், எக்ஸ்ரே என்று தேடிக்கொண்டே இருந்தவர்களும், சாதாரண செக்கப்பும் மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) மட்டும் செய்துகொண்டவர்களும் ஒரே அளவுதான் உயிர் வாழ்ந்தார்கள். தேய்மானம், பழைய விலா முறிவு, ரேடியேஷன் தழும்பு எல்லாம் ஸ்கேனில் ஒளிரும். அது என்ன என்று பார்க்க அடுத்த ஸ்கேன், அதற்கடுத்து ஊசிப் பரிசோதனை என்று மாதங்கள் ஓடும். மார்பகப் புற்றுநோயின் அடையாளப் பொருளை ரத்தத்தில் அளக்கும் சி.ஏ. 15-3 பரிசோதனையும் இப்படித்தான் அலைக்கழிக்கும். முதல் மூன்று வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் கையால் பரிசோதிப்பது, வருடம் ஒரு மேமோகிராம், இவை தவறாமல் நடந்தால் போதும்.

குறிப்பிட்ட வலிக்காக, அந்த இடத்தை மட்டும் பார்ப்பது வேறு. அதைக் கேட்டு வாங்குங்கள். டாக்டர் முதுகெலும்பை விரலால் தட்டிப் பார்ப்பார், கால் பலம் பார்ப்பார், ரத்தத்தில் கால்சியமும், எலும்பு பாதித்தால் கூடக்கூடிய அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் பார்க்கச் சொல்லலாம். எக்ஸ்ரே நார்மல் என்பதோடு விட்டுவிடக் கூடாது. எலும்பின் தாது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும். எக்ஸ்ரே சரியாக இருந்தும் வலி நிற்கவில்லை என்றால் அடுத்து எம்.ஆர்.ஐ. அல்லது எலும்பு ஸ்கேன்.

ஓ.பி.யில் டாக்டர் முன் உட்காரும் ஐந்து நிமிடத்தில் 'உடம்பெல்லாம் வலி' என்றால் அவருக்கு ஒன்றும் புலப்படாது. ஒரு நோட்டில் தினமும் ஒரே ஒரு தடவை, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எழுதுங்கள்: எந்த இடம், பத்துக்கு எத்தனை, எதனால் கூடியது, எதனால் குறைந்தது, தூக்கத்தில் எழுப்பியதா, என்ன மாத்திரை, எத்தனை. போகும்போது 'லெட்ரோசோல் இந்தத் தேதியில் ஆரம்பித்தேன், இடுப்பு வலி இந்தத் தேதியில் வந்தது, முதல் வாரம் மூன்று, இப்போது ஐந்து' என்று சொல்ல முடிந்தால் அடுத்து என்ன பரிசோதனை என்பது அவருக்குச் சட்டென்று தெரிந்துவிடும். வேறு ஊரில் வேறு டாக்டரிடம் காட்ட நேர்ந்தாலும், டிஸ்சார்ஜ் சம்மரியும் பயாப்ஸி ரிப்போர்ட்டும் பையில் இருக்கட்டும். முட்டி வலிக்குப் போகும் எலும்பு டாக்டரிடமும் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். மறைப்பவர்கள் இருக்கிறார்கள், வீணாக நாள் போவது அங்கேதான்.

நோட்டு எழுதுவதில் இன்னொரு லாபம், மற்ற நேரத்தில் வலியைத் தேடாமல் இருக்கலாம். மார்பையும் அக்குளையும் தினம் பத்துத் தடவை அழுத்திப் பார்ப்பவருக்கு, அழுத்தியதாலேயே அந்த இடம் கன்றி வலிக்கும். மாதம் ஒருநாள் பார்த்தால் போதும். செக்கப் தேதி நெருங்கும் வாரங்களில் வலியும் படபடப்பும் கூடுவது இந்தச் சிகிச்சை முடித்த பலருக்கும் நடப்பதுதான். ஆனால் பயம் இரண்டு மூன்று வாரமாகத் தொடர்ந்து தூக்கத்தைப் பறிக்கிறது, சமையலோ வேலையோ ஓடவில்லை என்றால் அதற்கும் சிகிச்சை இருக்கிறது. பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் மனநல ஆலோசகர் இருப்பார். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள்.