உள்காது உருவாகும்போது சிக்னல் புரதங்களுக்கு என்ன வேலை?

"காதை உருவாக்கும் புரதம் எது, அதைக் கொடுத்தால் போன செவித்திறன் திரும்புமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். காதுக்கென்று தனிப் புரதம் கிடையாது. கை, பல், மூளை எல்லாவற்றிலும் வேலை பார்க்கும் அதே நாலைந்து சிக்னல் புரதக் குடும்பங்கள்தான் இங்கேயும்; ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி சொல்வது இவற்றின் வேலை. எந்தப் பக்கமிருந்து, எந்த நேரத்தில் வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

படிக்கிற காலத்தில், இரண்டு நாள் அடைகாத்த கோழிமுட்டையின் கருவை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். பின்மூளைக்கு இரண்டு பக்கமும், ஈரக் களிமண்ணில் விரல்நுனியை அழுத்தி எடுத்ததுபோல் பக்கத்துக்கொரு குழி. உள்காதின் ஆரம்பம் அவ்வளவுதான். அங்குள்ள மேற்புறச் செல்களைக் காதாக மாறும்படி முதலில் தூண்டுவது, பின்மூளையிலிருந்தும் அடியில் உள்ள திசுவிலிருந்தும் வரும் எஃப்ஜிஎஃப் (FGF) என்ற சிக்னல் புரதங்கள். எஃப்ஜிஎஃப்3 மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானதால் உள்காதே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளும் உண்டு.

அப்புறம் குழி மூடிப் பையாகிறது. அதற்கு மேலேயிருந்து விண்ட் என்ற சிக்னல் புரதமும், கீழேயிருந்து சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்பதும் (ஆமாம், அந்த வீடியோ கேம் பெயர்தான்) வருகின்றன. மேல்பகுதி சமநிலைக்கான அரைவட்டக் குழல்களாகிறது, கீழ்ப்பகுதி ஒலியைக் கேட்கும் சுருளான காக்ளியாவாகிறது. ஹெட்ஜ்ஹாக் இல்லாத எலிக்கருவில் காக்ளியா வருவதே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது நாட்ச், செல்லின் மேற்பரப்பில் இருந்து பக்கத்துச் செல்லின் செய்தியை வாங்கும் புரதம். ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் காக்ளியாவில் உள்ளே ஒரு வரிசை, வெளியே மூன்று வரிசை என்று நிற்கும், நடுநடுவே தாங்கு செல்கள். தொடக்கத்தில் எல்லாம் ஒரே மாதிரிச் செல்கள்தான். மயிர்ச்செல்லாகத் தொடங்கிய ஒன்று, தன் மேற்பரப்பில் உள்ள டெல்டா, ஜாக்டு2 புரதங்களால் பக்கத்துச் செல்லின் நாட்சைத் தொட்டு "நான் ஆகிவிட்டேன், நீ ஆகாதே" என்று அடக்கிவிடுகிறது. ஜாக்டு2-ஐ நீக்கிய எலிகளில் மயிர்ச்செல்கள் அளவுக்கு மேல் முளைத்ததை 1999-இல் காட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், இதற்குச் சில நாள் முன்பு, உணர்வுப்பகுதி எது என்று முடிவாகும் கட்டத்தில் இதே நாட்ச் தடுப்பதில்லை, ஊக்குவிக்கிறது.

சரி, செவித்திறன் திரும்புமா? கோழிகளுக்குத் திரும்பும், செத்த மயிர்ச்செல்லுக்குப் பதிலாகத் தாங்கு செல் புதிதாக ஒன்றை உண்டாக்கிவிடும். நமக்கு அந்த வசதி இல்லை. தாங்கு செல்களை மயிர்ச்செல்லாக மாற்றும் எண்ணத்தில் நாட்சைத் தடுக்கும் மருந்தை மனிதர்களிடமும் சோதித்தார்கள், எதிர்பார்த்த முன்னேற்றம் கிடைக்கவில்லை. எனக்கு அதில் பெரிய ஆச்சரியமில்லை. கருவில் அந்தச் செல்லுக்கு இன்னும் எதுவும் முடிவாகியிருக்காது. வளர்ந்த காதில் அது பல வருடமாகத் தாங்கு செல்லாகவே இருந்துவிட்டது, அதனிடம் போய் நாட்சை மட்டும் நிறுத்திப் பார்க்கிறோம்.