தெரிந்தவர் அருகில் அமர்தல்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஒன்பது ஆண்டுகளாக ஒரே கணக்கியல் மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். அதில் எந்தப் பிழை வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது வேறொரு குழுவில் சேர அழைப்பு வந்திருக்கிறது. அங்கே இருப்பவர்கள் எல்லோரும் என்னைவிடத் தேர்ந்தவர்கள். அவர்கள் நடுவில் ஒன்றும் தெரியாதவனாக நிற்க வேண்டியிருக்குமே என்று தயங்குகிறேன். அவர்களில் ஒருவரிடம் இவ்வளவையும் எப்படிக் கற்றீர்கள் என்று கேட்டேன். "செய்யச் செய்ய வந்துவிடும்" என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பழகிய இடத்தை விட்டு வெளியே வந்தால்தான் வளர்ச்சி என்பது உண்மைதானா?

க.

அன்புள்ள க.,

ஒன்பது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த மதிப்பை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவது எளிய காரியம் அல்ல. ஆனாலும் போங்கள் என்றே சொல்வேன். வெளியே வந்துவிட்டாலே வளர்ச்சி தானாக வந்துவிடும் என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இடம் மாறிய பிறகும் அதே வேலையை அதே விதமாகச் செய்துகொண்டிருப்பவர்கள் ஏராளம். உங்கள் வேலையைப் பார்த்து, இங்கே தவறு, இதனால் தவறு என்று சொல்லத் தெரிந்த கண்கள் அந்தக் குழுவில் இருக்கின்றன. இப்போது நீங்கள் இருக்கும் இடத்தில் அப்படி யாரும் இல்லை. நான் போகச் சொல்வது அதற்காகத்தான்.

ஒரு வேலை கைக்குப் பழகியதும் மனம் அதிலிருந்து மெல்ல விலகிக்கொள்கிறது. அன்றாடப் பிழைப்புக்கு அது நல்லதுதான், ஆனால் தேர்ச்சி அங்கேயே நின்றுவிடுகிறது. உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட கட்டுரை, பிற்காலத்தில் பத்தாயிரம் மணி நேரம் பயின்றால் தேர்ச்சி வந்துவிடும் என்ற கணக்காகச் சுருங்கிப் பரவிவிட்டது. மணிக்கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் அதன் உயிரான பகுதியை விட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம். தன்னிடம் உள்ள ஒரு குறையைத் தனியே பிரித்தெடுத்து, அதைத் திருத்துவதற்கென்றே முழுக் கவனத்தோடு செய்யும் பயிற்சியைப் பற்றியே எரிக்சன் குழுவினர் பேசினார்கள். அந்தக் குறையைப் பெரும்பாலும் நம் கண்ணால் நாமே பார்த்துவிட முடியாது என்பதால்தான் ஆசிரியர் தேவைப்படுகிறார்.

அறுவைச் சிகிச்சை நிபுணர் அதுல் கவாண்டே, எட்டு ஆண்டுகள் தொழில் செய்த பிறகு தன் தேர்ச்சி ஒரே மட்டத்தில் நின்றுவிட்டதை உணர்ந்து, ஓய்வுபெற்றிருந்த தன் பழைய ஆசிரியரை அறுவை அரங்குக்கு அழைத்து, ஓரமாக நின்று பார்க்கச் சொன்னார். கவாண்டேவுக்கு அந்தச் சிகிச்சை நன்றாகவே நடந்ததாகத் தோன்றியது. ஆசிரியரின் குறிப்பேட்டிலோ பல குறிப்புகள் இருந்தன. விளக்கின் ஒளி வெட்டிய இடத்தை விட்டு நகர்ந்துபோய், ஏறக்குறைய அரை மணி நேரம் பிரதிபலித்த வெளிச்சத்திலேயே வேலை செய்திருக்கிறார். முழங்கை அவ்வப்போது தோள் உயரத்துக்கு எழும்பியிருக்கிறது. 2011-இல் அவரே இதை எழுதியிருக்கிறார். இவ்வளவு சிறிய விஷயங்கள்கூட அதைச் செய்துகொண்டிருந்தவருக்குத் தெரியவில்லை.

எனக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. எழுத வந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தபோது ஒரு மூத்த பதிப்பாசிரியரிடம் கட்டுரையொன்றைக் கொடுத்தேன். அவர் அதை என்னையே உரக்கப் படிக்கச் சொன்னார். மூன்றாவது வாக்கியத்தில் நிறுத்தி, "முடிவு எடுக்கப்பட்டது என்கிறீர்களே, எடுத்தது யார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாததை மறைப்பதற்காகவே அந்த வாக்கியம் அப்படி அமைந்திருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. காது மடல் சூடேறியது இன்றும் நினைவிருக்கிறது. அதன் பிறகு அந்த வினைமுற்றை எழுதும்போதெல்லாம் கை ஒரு கணம் நிற்கிறது.

உங்களுக்குக் கிடைத்த அந்தப் பதிலுக்கு வருகிறேன். அவர் உங்களைத் தட்டிக்கழித்தார் என்று நான் நினைக்கவில்லை. தேர்ந்தவர்களின் அறிவில் பெரும்பகுதி கைக்குள் இறங்கிவிடுகிறது. பொதுவாகக் கேட்டால் அவர்களால் அதை வெளியே எடுத்துச் சொல்ல முடிவதில்லை. ஆகவே குறிப்பாகக் கேளுங்கள். அவர் ஒரு பிழையைத் தேடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எந்தக் கோப்பை முதலில் திறப்பார் என்ற உங்கள் ஊகத்தை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். அவர் வேறொன்றைத் திறந்தால், "நான் இதைத்தான் முதலில் பார்த்திருப்பேன், நீங்கள் ஏன் இதை விட்டுவிட்டீர்கள்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கும். அதேபோல், உங்கள் நிரலை மெருகேற்றி முடித்த பிறகு காட்டாமல், பாதியில் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே காட்டுங்கள். முடிந்த நிரலில் விளைவு மட்டுமே தெரியும், நீங்கள் யோசித்த வழி தெரியாது.

கிளம்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பழைய மென்பொருளை உங்களுக்குப் பிறகு பார்க்கப் போகிறவர் உங்கள் அருகில் வந்து உட்கார்ந்து, இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்பார். "செய்யச் செய்ய வந்துவிடும்" என்ற பதில்தான் உங்கள் நாவிலும் முதலில் வரும். அதைச் சொல்லாமல், அன்று வந்த ஒரு பிழையைத் திறந்து, நீங்கள் பார்க்கும் வரிசையிலேயே அவருக்குக் காட்டுங்கள்.